இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய மக்கள்தொகைக் கணக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் பழைய கிராமத்து வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியவர்கள், "நமக்கு முன்னால் இந்த வீட்டில் யார் இருந்தார்கள்?" என்று கேட்பார்கள். குடும்ப வரலாறு தேடுபவர்களும் மாணவர்களும் வேறு வேறு கேள்விகளோடு வருவார்கள். பதில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: பத்து வருடத்துக்கு ஒரு முறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில். நான் சில வருடங்களாக இந்த ஏடுகளை வாசித்துப் படியெடுத்து வருகிறேன். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தலைக்கணக்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் பக்கத்திலேயே வீட்டுக்கணக்கும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஊரில் என்ன நடந்தது என்று விளங்கும்.

எந்தெந்த வருடங்களுக்குக் கணக்கு இருக்கிறது? எதில் பெயர்கள் கிடைக்கும்?

முதல் கணக்கெடுப்பு 1801 மார்ச் 10 அன்று நடந்தது. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஒரு முறை நடந்தது. போர் காரணமாக 1941-ல் மட்டும் நடக்கவில்லை. 1801, 1811, 1821, 1831 ஆகிய முதல் நான்கிலும் அரசு கேட்டது எண்ணிக்கையை மட்டும்தான். ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது 1841 ஜூன் 6 கணக்கிலிருந்து. 1851 மார்ச் 30 கணக்கில்தான் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, சரியான வயது என்ன, பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி) எது என்ற விவரங்கள் சேர்ந்தன. அதனால் குடும்பம் தேடுபவர்களுக்கு உண்மையான தொடக்கம் 1851 என்றே சொல்வேன்.

பெயர் உள்ள ஏடுகள் 100 வருடம் மூடியே இருக்கும். 1921 கணக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1951 கணக்குக்கு 2052 வரை காத்திருக்க வேண்டும்.

முதல் நான்கு கணக்குகளிலும் சில ஊர்களில் பொறுப்பாளர்கள் தங்கள் வசதிக்காகப் பெயர்ப்பட்டியல் எழுதி வைத்தார்கள். அவை தேவாலயப் பெட்டிகளில் கிடந்து, பிற்பாடு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகங்களுக்கு வந்து சேர்ந்தன. உங்கள் ஊருக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் பெரிய அதிர்ஷ்டம்.

1801-க்கு முன்னால் யாருமே எண்ணவில்லையா?

நாடு முழுவதும் எண்ணவில்லை. 1753-ல் தாமஸ் பாட்டர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதற்காக மசோதா கொண்டுவந்தார். யார்க் நகர உறுப்பினர் வில்லியம் தார்ன்டன் அதைக் கடுமையாக எதிர்த்தார். வரி போடத்தான் எண்ணுகிறார்கள், படைக்கு ஆள் பிடிக்கத்தான் எண்ணுகிறார்கள் என்ற பயம் பரவலாக இருந்தது. தாவீது ராஜா ஜனங்களைத் தொகையிட்டதால் தேசத்தில் கொள்ளைநோய் வந்தது என்ற வேதாகமக் கதையும் பலர் மனதில் இருந்தது. மக்கள் சபையில் தேறிய மசோதா பிரபுக்கள் சபையைத் தாண்டவில்லை.

தனி ஊர்களில் எண்ணியவர்கள் உண்டு. நாட்டிங்காம்ஷயரில் கிளேவொர்த் என்ற கிராமத்துப் பாதிரியார் வில்லியம் சாம்ப்சன் 1676-லும் 1688-லும் தம் ஊராரை வீடு வீடாகப் பெயர் எழுதி வைத்தார். முதல் பட்டியலில் 401 பேர், இரண்டாவதில் 412 பேர். எண்ணை மட்டும் பார்த்தால் ஊர் அசையாமல் இருந்த மாதிரி தெரியும். பெயர்களை ஒப்பிட்டால், முதல் பட்டியலில் இருந்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் 12 வருடத்தில் காணாமல் போயிருந்தார்கள். அவர்களில் இறந்தவர்களைவிட ஊரை விட்டுப் போனவர்களே அதிகம். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வேரூன்றிக் கிடந்தது ஆங்கிலேயக் கிராமம் என்ற நினைப்பை இந்த ஒரு ஊரின் பட்டியலே மாற்றிவிடும்.

முதல் கணக்குகளை நம்பலாமா? யார் எண்ணினார்கள்?

1800-ல் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியிருந்தது. பிரான்ஸோடு போர் வேறு. மக்கள் பெருகினால் உணவு போதாது என்ற பொருளியல் சிந்தனையாளர் மால்தஸின் வாதம் 1798-ல் வெளிவந்திருந்தது. எத்தனை வாய்களுக்குச் சோறு வேண்டும் என்று தெரிந்தே ஆகவேண்டிய நிலை. 1800 நவம்பரில் சார்லஸ் அபட் மசோதாவைக் கொண்டுவந்தார். முதல் நான்கு கணக்குகளையும் ஒருங்கிணைத்தவர் ஜான் ரிக்மன்.

ஊரில் வேலையைச் செய்தவர்கள், ஏழைகளுக்கு உதவிப்பணம் கொடுக்கும் பொறுப்பில் இருந்த உள்ளூர் மேற்பார்வையாளர்கள். ஊரில் யார் எந்தக் குடிசையில் இருக்கிறார்கள் என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. அதனால் சின்ன ஊர்களில் தலைக்கணக்கும் வீட்டுக்கணக்கும் ஓரளவு நம்பத்தக்கவை. பாதிரியார்களின் வேலை வேறு. ஞானஸ்நானம், அடக்கம், திருமணப் பதிவேடுகளிலிருந்து பழைய எண்ணிக்கைகளைத் தொகுத்து அனுப்பினார்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து 1801-ல் கிடைத்த தொகை சுமார் 89 லட்சம்.

1801-ன் தொழில் விவரத்தை மட்டும் நம்பி எதையும் எழுதாதீர்கள். விவசாயக் கூலியின் மனைவியையும் பிள்ளைகளையும் ஓர் ஊரில் விவசாயத்தில் சேர்த்தார்கள், அடுத்த ஊரில் 'மற்றவர்' என்று தள்ளினார்கள். அந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான் 1811-ல் ஆட்களை விட்டுவிட்டுக் குடும்பங்களை வகைப்படுத்தச் சொன்னார்கள்.

பாரிஷ் என்றால் கிராமம்தானே?

இல்லை. அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது.

பாரிஷ் என்பது முதலில் ஒரு தேவாலயத்தின் எல்லை. அதற்குள் ஒரு கிராமம் இருக்கலாம், நான்கு சிற்றூர்கள் இருக்கலாம், தனித்தனிப் பண்ணை வீடுகள் மட்டுமே இருக்கலாம். தெற்கில் பாரிஷ்கள் சிறியவை. வடக்கில் பிரமாண்டமானவை. லங்காஷயரின் வாலி பாரிஷுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட டவுன்ஷிப்கள் இருந்தன. டவுன்ஷிப் என்பது தனியாக ஏழை வரி வசூலித்துத் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொண்ட பகுதி. அங்கே 'வாலி' என்று தேடி எடுத்த எண், பாரிஷின் எண்ணா டவுன்ஷிப்பின் எண்ணா என்று பார்க்காவிட்டால் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும்.

எல்லைகளும் நிலையாக இருக்கவில்லை. ஒரு பாரிஷின் துண்டு நிலம் இன்னொரு பாரிஷின் நடுவில் தீவு மாதிரி கிடப்பது சாதாரணம். கவுண்டிகளிலும் அப்படி உண்டு. நார்தம்பர்லாந்தின் வடகோடியில் இருக்கும் நோரமும் ஹோலி ஐலண்டும் 1844 வரை டர்ஹம் கவுண்டியைச் சேர்ந்தவை. 1876-லும் 1882-லும் வந்த சட்டங்களால் பாரிஷ் துண்டுகள் பலவற்றை அருகிலிருந்த பாரிஷ்களோடு சேர்த்தார்கள். 1894-க்குப் பிறகு இன்னும் மாற்றங்கள் வந்தன. இதற்கிடையில் 1866 சட்டம், தனியாக ஏழை வரி போட்ட ஒவ்வோர் இடத்தையும் தனிப் பாரிஷாகவே கருதியது. அப்போதிலிருந்து தேவாலயப் பாரிஷ் ஒன்று, அரசு நிர்வாகப் பாரிஷ் ஒன்று என இரண்டு கோடுகள் ஓடுகின்றன.

நான் ஆரம்பத்தில் ஓர் ஊரின் மக்கள்தொகை பத்தே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைப் பார்த்து, காய்ச்சலா, வேலையின்மையா என்று நாள்கணக்கில் தேடினேன். கடைசியில் அச்சிட்ட அட்டவணையின் அடிக்குறிப்பில் காரணம் இருந்தது. ஒரு சிற்றூரைப் பக்கத்துப் பாரிஷோடு சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான். இப்போது எந்த ஊரை எடுத்தாலும் முதலில் ஏக்கர் அளவைப் பார்க்கிறேன். இரண்டு கணக்குகளுக்கு இடையில் ஏக்கர் மாறியிருந்தால், ஊர் மாறிவிட்டது என்று பொருள்.

'வீடு' என்று எதை எண்ணினார்கள்?

கேட்க எளிய கேள்வி, பதில் எளியதல்ல. 1801-ல் கேட்டது மூன்று விஷயம்: ஆள் குடியிருக்கும் வீடுகள் எத்தனை, அவற்றில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, ஆளில்லாத வீடுகள் எத்தனை. வீடு என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. 1851-ல்தான் ஒரு வரையறை கொடுத்தார்கள். வெளிச்சுவர்களுக்கும், அடுத்த வீட்டோடு பொதுவான நடுச்சுவர்களுக்கும் உள்ளே அடங்கிய இடம் ஒரு வீடு.

இது லண்டன் தெருவுக்குச் சரியாக இருக்கும். கிராமத்துக்கு வாருங்கள். இரண்டு மூன்று பண்ணைகளை ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்தபிறகு, மிச்சமான பழைய பண்ணை வீட்டை உள்ளே தடுத்து மூன்று கூலிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். வெளிச்சுவர் ஒன்றுதான், அடுப்பு மூன்று. ஒரு கணக்கெடுப்பாளர் அதை ஒரு வீடு என்பார். பத்து வருடம் கழித்து வருபவர் மூன்று என்பார். அச்சிட்ட அட்டவணையில் ஊருக்கு இரண்டு வீடு கூடியிருக்கும், ஆனால் ஒரு செங்கல் புதிதாக வைத்திருக்க மாட்டார்கள்.

அதனால் வீட்டுக்கணக்கில் ஒன்றிரண்டு ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து, பதினைந்து வீடுகள் குறைந்தால் அது கட்டாயம் ஒரு செய்தி.

கணக்கெடுப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது?

1841 முதல் 1901 வரை நாம் பார்ப்பது வீட்டுக்காரர் நிரப்பிய படிவமல்ல. படிவத்தைக் கொடுத்து, கணக்குக்குரிய இரவில் வீட்டில் தங்கியவர்களை எழுதவைத்து, மறுநாள் திரும்ப வாங்கி, கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் எழுதிய பிரதி. அசல் படிவங்களை அழித்துவிட்டார்கள். எழுதத் தெரியாத வீடுகளில் அவரே வாசலில் நின்று கேட்டு நிரப்பினார். உச்சரிப்பு ஒரு முறை காதில் திரிந்து, பிரதி எடுக்கும்போது கையில் இன்னொரு முறை திரிந்த பெயர்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டித் தேடுவதைவிட, ஊர், வயது, பிள்ளைகளின் பெயர் வரிசை ஆகியவற்றைச் சேர்த்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

1851 பக்கம் ஒன்றைத் திறந்தால் இடது ஓரத்தில் ஓர் எண் இருக்கும். அது கதவு எண் அல்ல, படிவத்தின் வரிசை எண். இதைக் கதவு எண்ணாக நினைத்து வீடு தேடிப் போனவர்கள் ஏராளம். அடுத்து இடத்தின் பெயர். பல கிராமங்களில் 'தெரு' என்று மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும். பிறகு பெயர், உறவு, மணமானவரா, வயது, தொழில், பிறந்த ஊர், பார்வை அல்லது செவி, பேச்சு இழந்தவரா என்ற பத்தி. பெயர்களுக்குக் கீழே நீளமாகக் கோடு இழுத்திருந்தால் வீடே முடிந்தது, சற்றுக் குட்டையான கோடு என்றால் அந்த வீட்டில் ஒரு குடும்பம் மட்டும் முடிந்தது. வயதின் மேலும் தொழிலின் மேலும் குறுக்கே கிறுக்கியிருப்பது பிற்பாடு லண்டனில் எண்ணிக் கூட்டிய குமாஸ்தாக்களின் பென்சில். அதனால்தான் சில இடங்களில் 3 எது, 8 எது என்று தெரிவதில்லை.

பழக்கத்துக்காக ஒரு மாதிரிக் குடும்பத்தை எழுதிப் பார்ப்போம். தலைவர், 38 வயது, தொழில் 'ஆக் லேப்', அதாவது விவசாயக் கூலி. மனைவி 36, தொழில் பத்தி காலி. மகள் 13, லேஸ் பின்னுபவள். மகன் 10, அவனும் விவசாயக் கூலி. அடுத்து 7 வயதுப் பையன், 'மாணவன்'. பிறகு 4, 1. கடைசி வரியில் வாடகைக்குத் தங்கிய 22 வயது இளைஞன். எட்டுப் பேர், ஒரு குடிசை. இப்போது பிறந்த ஊர் பத்தியை மேலிருந்து கீழே விரலை வைத்துப் படியுங்கள். தகப்பன் ஓர் ஊர், தாய் ஓர் ஊர், மூத்த இருவர் மூன்றாவது ஊர், மற்றவர்கள் இந்த ஊர். இந்தக் குடும்பம் எந்த வழியாக, ஏறத்தாழ எந்த வருடம் இங்கே வந்தது என்பது பிள்ளைகளின் வயதிலேயே இருக்கிறது. வேறெந்த ஆவணமும் ஒரு கூலிக்காரனின் நடையை இப்படிக் காட்டாது.

1841-ல் எல்லோருக்கும் 20, 25, 30 என்றே வயது இருக்கிறதே?

பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 29 வயதுக்காரர் 25 ஆகிவிடுவார். சில கணக்கெடுப்பாளர்கள் அதைக் கவனிக்காமல் சரியான வயதையே எழுதியிருக்கிறார்கள். 1841-ல் உறவுமுறையும் இல்லை. ஒரே கூரையின் கீழ் ஒரே குடும்பப் பெயரோடு ஒரு 40, ஒரு 35 இருந்தால் கணவன் மனைவி என்று முடிவு கட்டாதீர்கள். அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம்.

பெண்களுக்கு ஏன் தொழில் எழுதவில்லை? அவர்கள் வேலை செய்யவில்லையா?

செய்தார்கள். களை பறித்தார்கள், கல் பொறுக்கினார்கள், வைக்கோல் பரப்பி உலர்த்தினார்கள், அறுப்பில் கட்டுக் கட்டினார்கள். 1841 அறிவுரையிலேயே, கணவனோடு இருந்து அவன் தொழிலுக்கு உதவும், தனிக் கூலி வாங்காத மனைவியின் தொழிலைக் குறிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். 1851 முதல் கணக்கெடுத்த மாதமும் சேர்ந்துகொண்டது. மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ கணக்கெடுத்தால், கோடையில் வயலில் இறங்கும் பெண் அன்று வீட்டில்தான் இருப்பாள்.

கைத்தொழில் இருந்த ஊர்களில் மட்டும் பெண்கள் பளிச்சென்று தெரிவார்கள். பெட்ஃபர்ட்ஷயரிலும் ஹர்ட்ஃபர்ட்ஷயரிலும் தொப்பிக்காக வைக்கோல் பின்னியவர்கள், பக்கிங்காம்ஷயரில் லேஸ் பின்னியவர்கள், சாமர்செட்டில் கையுறை தைத்தவர்கள். அங்கே ஆறேழு வயதுச் சிறுமிக்குக்கூடத் தொழில் எழுதியிருக்கும். காலியான பத்தியைப் பார்த்து அந்தப் பெண் சும்மா இருந்தாள் என்று யாரும் எழுதக்கூடாது. நம் ஊர்க் கணக்குகளில் 'வீட்டு வேலை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள், பக்கத்து ஊரில் கூடியிருக்கிறார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் வீட்டுக்கணக்கைப் பார்க்கச் சொல்கிறேன்.

1601 சட்டத்தின்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். யார் எந்த ஊரின் பொறுப்பு என்பதை 1662 சட்டம் வகுத்தது. செலவு அந்த ஊரின் நிலத்தின் மேல் ஏழை வரியாக விழும். ஊர் முழுவதும் ஒரே நிலச்சுவான்தாரின் கையில் இருந்தால் அவருக்கு ஒரு வழி இருந்தது. குடிசைகளைக் கட்டாமல் விடலாம், இருப்பதை இடித்துவிடலாம். கூலிக்காரன் இந்த ஊரில் குடியிருக்காவிட்டால், நாளை அவன் நோயாளியானாலும் கிழவனானாலும் இந்த ஊரின் பொறுப்பில் வரமாட்டான். ஆனால் அவன் உழைப்பு மட்டும் வேண்டும். அவன் மூன்று நான்கு மைல் தள்ளியிருக்கும் வேறோர் ஊரில் குடியிருந்து, விடியுமுன் நடந்து வருவான். இடித்த ஊர்களை 'மூடிய' பாரிஷ் என்றார்கள், அந்த மக்கள் வந்து நெருங்கிக் குவிந்த ஊர்களை 'திறந்த' பாரிஷ் என்றார்கள். நார்ஃபோக்கின் காஸல் ஏக்கர் திறந்த ஊருக்குப் பேர்போனது. அங்கிருந்து பெண்களையும் சிறுவர்களையும் கூட்டமாகச் சுற்றுப்பட்டுப் பண்ணைகளுக்குக் கூலிக்கு ஓட்டிப் போனார்கள்.

1864-ல் டாக்டர் ஹென்றி ஜூலியன் ஹன்டர் கிராமத்துக் கூலிகளின் வீடுகளைப் பார்த்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட 5,375 குடிசைகளில் 2,195-ல் படுக்கை அறை ஒன்றே ஒன்று. 2,930-ல் இரண்டு. இரண்டுக்கு மேல் இருந்தவை வெறும் 250. அவர் கணக்கு ஏடுகளையும் பார்த்தார். 1851-க்கும் 1861-க்கும் இடையில் வீடுகள் குறைந்துபோன 821 பாரிஷ்களையும் டவுன்ஷிப்களையும் கண்டெடுத்தார். அங்கே 5⅓ சதவீதம் கூடுதலான மக்கள், 4½ சதவீதம் குறைவான வீட்டிடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். தலைக்கணக்கை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஊர்கள் செழித்து வளர்ந்த மாதிரிதான் தெரிந்திருக்கும்.

1865-ல் ஏழை வரியைத் தனி ஊர் மேல் போடாமல், பல பாரிஷ்கள் சேர்ந்த யூனியன் முழுவதற்கும் பரப்பினார்கள். இடிப்பதில் இருந்த லாபம் போனது. ஆனால் இடிந்த குடிசைகள் திரும்பி எழவில்லை. அப்புறம் 1870-களின் பிற்பகுதியில் விவசாய நெருக்கடி வந்தது. அமெரிக்கத் தானியம் இறங்கியது, உழுத நிலத்தைப் புல்வெளியாக விட்டார்கள், ஆள் தேவை குறைந்தது. 1881, 1891, 1901 கணக்குகளில் ஊருக்கு ஊர் எண் இறங்குவது அதனால். இந்தக் காலத்தில் வீட்டுக்கணக்கு வேறு மாதிரி பேசும்: முதலில் ஆளில்லா வீடுகள் கூடும், அடுத்த கணக்கில் அந்த வீடுகளே மறைந்துவிடும்.

ஒரே ஒரு கணக்கில் மட்டும் எண் திடீரென்று ஏறி இறங்குகிறதே?

பெரும்பாலும் ரயில் பாதை அல்லது ஏழை இல்லம். யார்க்ஷயரின் இங்கிள்டன் பக்கத்தில் செட்டில்–கார்லைல் பாதைக்காக 1870-ல் ரிபிள்ஹெட் பாலம் கட்டத் தொடங்கினார்கள். 1871 கணக்கில் ஆளரவமற்ற சதுப்புமேட்டில் பலகைக் குடிசைகளில் நூற்றுக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாகப் பதிவாகியிருக்கிறார்கள். அடுத்த கணக்கில் அவர்கள் இல்லை. 1834-க்குப் பிறகு யூனியனுக்கு ஒன்றாக ஏழை இல்லங்கள் எழுந்தன. அந்தக் கட்டடம் நின்ற பாரிஷின் எண்ணில் சுற்று வட்டாரத்து ஏழைகள் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். அச்சிட்ட அட்டவணையின் அடிக்குறிப்புகளில் இதெல்லாம் சுருக்கமாக இருக்கும். சின்ன எழுத்து என்று தாண்டிப் போகாதீர்கள்.

வீட்டில் எத்தனை அறை என்று எந்தக் கணக்கில் தெரியும்?

1891-லும் 1901-லும் ஐந்து அறைக்குக் குறைவாக இருந்தால் மட்டும் எழுதினார்கள். 1911-ல் எல்லோரும் எழுத வேண்டும். சமையலறையைச் சேர்த்துக்கொள்ளலாம், பாத்திரம் கழுவும் இடம், நடை, குளியலறை, கடை ஆகியவற்றைச் சேர்க்கக்கூடாது.

1911-க்கு இன்னொரு சிறப்பு உண்டு. அதிலிருந்துதான் வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பிய படிவமே நமக்குக் கிடைக்கிறது. மணமான பெண்களிடம், திருமணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்டார்கள். விதவைகளைக் கேட்கவில்லை. ஆனாலும் பல விதவைகள் நிரப்பினார்கள். அலுவலகத்தில் அதை அடித்தார்கள், அடித்த கோட்டின் கீழே எண் இன்னும் தெரிகிறது. பெற்றவள் இறந்த பிள்ளையைக் கணக்கிலிருந்து விடமாட்டாள். அந்தக் கோடுகளுக்கு முன்னால் நான் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

முகவரி இல்லாமல் என் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

புத்தகத்தின் முன்பக்கத்தில் கணக்கெடுப்பாளரின் பகுதி எது, எந்த வழி என்ற விவரம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு மதுக்கடை, தேவாலயம், பாதிரியார் இல்லம், மாவு ஆலை ஆகிய அசையாத இடங்களைப் பிடியுங்கள். அவற்றுக்கு நடுவில் வீடுகளை வரிசையாக வைத்துக்கொண்டே போகலாம். அவர் தெருவின் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பினாரா, இங்கும் அங்குமாகக் கடந்தாரா என்பதை யோசிக்க வேண்டும்.

1836 சட்டத்துக்குப் பிறகு, தேவாலயத்துக்குத் தர வேண்டிய பத்திலொரு பங்கை நிலவாரியாகக் கணக்கிட வரைந்த தசமபாக வரைபடங்களில் மனைக்கு மனை எண்ணும், உரிமையாளர், குடியிருப்பவர் பெயர்களும் இருக்கும். அதை 1841 கணக்கோடு சேருங்கள். மறுமுனையில் 1910-ல் நில மதிப்பீட்டுக்காக எழுதிய களப்புத்தகங்களை 1911 கணக்கோடு சேருங்கள். இரண்டு முனையும் உறுதியானால் நடுவில் இருக்கும் கணக்குகள் தாமாக வந்து பொருந்தும். அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெரிய அளவு வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த ஊர் 'மதராஸ்' என்று ஓர் ஆங்கிலக் கிராமத்தில் பார்த்தேன். தவறாக எழுதியதா?

இருக்காது. படைவீரர்கள், பாதிரியார்கள், கம்பெனி அலுவலர்கள் ஆகியோரின் பிள்ளைகள் மதராஸிலும் திருச்சிராப்பள்ளியிலும் பிறந்து இங்கிலாந்துக் கிராமங்களில் வளர்ந்தார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி வீட்டில் பிள்ளைகளோடு கப்பலில் வந்த ஆயாவின் பெயரும் அபூர்வமாக இருக்கும், பெரும்பாலும் முழுப்பெயர் இல்லாமல்.

எங்கே பார்க்கலாம்? பணம் கட்ட வேண்டுமா?

மூல ஏடுகள் லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரிசைக் குறியீடுகள்: 1841, 1851 எச்ஓ 107, 1861 ஆர்ஜி 9, அதிலிருந்து 1921-ன் ஆர்ஜி 15 வரை ஒவ்வொன்றாக ஏறும். படங்களை ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி தளங்களில் சந்தா கட்டிப் பார்க்கலாம். 1881-ன் பெயர்த்தெழுத்து ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசம். தன்னார்வலர்கள் படியெடுத்த ஃப்ரீசென் தளமும் இலவசம், எல்லாக் கவுண்டியும் இன்னும் முடியவில்லை. பாரிஷ் வாரியான மொத்த எண்கள் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் 'விஷன் ஆஃப் பிரிட்டன்' தளத்தில் கிடைக்கும். 1861 ஏடுகளில் சில பகுதிகள் தொலைந்துவிட்டன. தேடிக் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியே இருக்கிறதா என்று பாருங்கள்.

1931 கணக்கு எங்கே போனது?

எரிந்துவிட்டது. 1942 டிசம்பர் 19 இரவு மிடில்செக்ஸின் ஹேஸ் என்ற ஊரில் ஏடுகளை வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்தது. குண்டுவீச்சால் அல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் ஏடுகள் முழுவதும் போயின. ஊர்வாரியான மொத்தங்களை அதற்கு முன்பே அச்சிட்டிருந்ததால் எண்கள் மட்டும் தப்பின. இடைவெளியை நிரப்ப, போர் தொடங்கியவுடன் அடையாள அட்டைக்காக 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அது மக்கள்தொகைக் கணக்கல்ல, படையில் இருந்தவர்கள் அதில் இல்லை. ஆனால் பிறந்த தேதி இருக்கிறது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரிய, வில்ட்ஷயரில் சாலிஸ்பரி சமவெளியின் நடுவில் இருக்கும் இம்பர் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1851 கணக்கில் 440 பேர், அதுதான் அந்த ஊரின் உச்சம். 1931-ல் 152. இதற்குள் ராணுவம் சுற்றியிருந்த நிலத்தை வாங்கத் தொடங்கியிருந்தது. 1943 நவம்பர் 1 அன்று ஊராரைப் பள்ளிக்கூடத்தில் கூட்டி, 47 நாளில் காலி செய்யச் சொன்னார்கள். அமெரிக்கப் படைகளுக்குத் தெருச்சண்டை பயிற்சிக்கு ஊர் வேண்டியிருந்தது. டிசம்பர் 17-க்குள் எல்லோரும் போனார்கள். போர் முடிந்தும் திரும்பிக் குடியேற விடவில்லை. செயின்ட் கைல்ஸ் தேவாலயம் இன்னும் நிற்கிறது. ராணுவம் அனுமதிக்கும் சில நாட்களில் மட்டும் உள்ளே போகலாம்.

152 என்ற எண் நம்மிடம் இருக்கிறது, அந்த 152 பேரின் பெயர் எழுதிய தாள்கள் ஹேஸில் சாம்பலாயின. இம்பரின் குடும்பங்களைத் தேடுபவர்கள் 1921 படிவங்களை முதலில் எடுங்கள், ஊர்க்காரர்களின் கையெழுத்தே அதில் இருக்கிறது. பிறகு 1939 பதிவேட்டுக்குப் போங்கள். அதில் வீடு வீடாக இருப்பவர்களில் பெரும்பாலோர்தான் நான்கு வருடம் கழித்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனவர்கள்.